காசு கேட்டாச்சு, வாங்கியாச்சு, அப்புறம்?

நிதி திரட்டுற வேலையில இருக்கறவங்க நாலு பேர் சேர்ந்தா பேச்சு எங்க போகும்னு எனக்கு இப்ப மனப்பாடம். எந்த கம்பெனி இந்த வருஷம் பட்ஜெட் ஒதுக்கியிருக்கு, விருந்து வச்சா ஒரு மேசைக்கு எவ்வளவு போடலாம், நாம திரட்டற காசுக்கு ஈடா டோட் போர்டு போடற மேட்சிங் காசுல நம்ம பங்கு இன்னும் எவ்வளவு பாக்கி, புதுசா யார்கிட்ட போய் நிக்கலாம். எல்லாம் தேவையான பேச்சு தான், நானும் பேசுவேன். ஆனா போன வருஷம் 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) குடுத்துட்டு இந்த வருஷம் குடுக்காம போனவங்க ஏன் போனாங்க, அவங்ககிட்ட நாம கடைசியா எப்ப பேசினோம், அவங்க காசு என்ன ஆச்சுன்னு யாராவது அவங்களுக்கு சொன்னாங்களா, இதைப் பத்தி யாரும் வாயே திறக்கறதில்ல. ரொம்ப நாளா இதை எழுதணும்னு இருந்தேன். சிங்கப்பூர்ல நம்ம ஆளுங்க நடத்துற சின்ன அறநிறுவனங்கள்ல இந்த வேலையில புதுசா சேர்ந்திருக்கற தம்பி தங்கச்சிங்களுக்காக எழுதறேன், அவங்களை வேலைக்கு வச்சிருக்கற நிர்வாகக் குழு அண்ணன் அக்காமாரும் படிச்சா ரொம்ப சந்தோஷப்படுவேன்.

நான் இருக்கறது பிள்ளைங்களுக்கு டியூஷன், குடும்பங்களுக்கு ஆதரவுன்னு ரெண்டு மூணு வேலை செய்யற ஒரு நடுத்தர அமைப்பு. பேர் வேண்டாம். எங்களுக்கு குடுக்கறவங்கள்ல கோடீஸ்வரங்க ரொம்ப கம்மி. ரிட்டையர் ஆன ஆசிரியருங்க, கப்பல் பட்டறையில சூப்பர்வைசரா இருந்தவங்க, நர்ஸுங்க, ஐடியில வேலை செய்யற இளவயசு ஜோடிங்க, தேக்காவுல கடை வச்சிருக்கறவங்க, இவங்க தான். மாசம் 10 வெள்ளி ஜைரோல, அதாவது பேங்க் கணக்குலேர்ந்து தானா கழியற மாதிரி, குடுக்கறவங்க நிறைய. இந்த 10 வெள்ளிக்காரங்கள்ல சில பேர் சம்பளம் ஏறினாலும் குறைஞ்சாலும், வீடு மாறினாலும் நிறுத்தினதே இல்ல. ஆனா பொதுவா அறநிறுவனங்கள்ல நன்றி சொல்ற பட்டியல் போட்டா இவங்க பேர் தான் கடைசியில வரும், பல இடத்துல வரவே வராது.

நம்ம சமூகத்துக்கு இது தெரியாத விஷயம் இல்லைன்னு நான் உறுதியா நம்பறேன். சிராங்கூன் ரோட்டுல எந்தக் கோயிலுக்கு வேணும்னா போய்ப் பாருங்க. ஒருத்தர் உபயம் எடுத்தா அன்னைக்கு அவர் பேர், நட்சத்திரம், குடும்பத்துல இருக்கறவங்க பேர் எல்லாம் சொல்லித் தான் அர்ச்சனை நடக்கும், மாலை போடுவாங்க, பிரசாதம் கையில குடுப்பாங்க, அன்னதானத்துல யார் சாப்பிட்டாங்கன்னு அவரே கண்ணால பார்த்துட்டுப் போவார். குடுத்த காசு என்ன ஆச்சுங்கற கேள்விக்கு அங்க அரை நாள்ல பதில் கிடைச்சுடுது. அதே மனுஷர் நம்ம டியூஷன் திட்டத்துக்கு 500 வெள்ளி குடுக்கறார்னு வைங்க, அவருக்கு ஒரு ஆட்டோமேட்டிக் இமெயில் போகுது, ஆறு மாசம் சத்தமே இல்ல, அப்புறம் தீபாவளிக்கு முன்னாடி திரும்ப ஒரு வேண்டுகோள் கடிதம். அவர் கோயிலுக்கே குடுத்துட்டுப் போறேன்னு சொன்னா நாம வருத்தப்பட என்ன இருக்கு?

சிறுகச் சிறுக சேர்க்கறதும் நமக்குப் பழக்கம் தான். 1950கள்ல மலாயாப் பல்கலைக்கழகத்துல தமிழுக்கு இடம் வேணும்னு கோ. சாரங்கபாணி தமிழ் முரசு வழியா 'தமிழ் எங்கள் உயிர்'னு ஒரு நிதி திரட்டினார், சாதாரண ஜனங்க குடுத்த காசு அது. 1991-ல சிண்டா, அதாவது சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம், வந்துச்சு, வேலை பார்க்கற இந்தியர்களோட சம்பளத்துலேர்ந்து மாசா மாசம் ஒரு தொகை சிண்டா நிதிக்குப் போகுது, சம்பளத்தைப் பொறுத்து 1 வெள்ளியிலேர்ந்து 30 வெள்ளி வரைக்கும், வேண்டாம்னா படிவம் குடுத்து விலகிக்கலாம். பே ஸ்லிப்ல அந்த வரியை எத்தனை பேர் கவனிக்கறாங்கன்னு தெரியல, ஆனா எத்தனையோ பிள்ளைங்களோட டியூஷன் வகுப்பு அந்த வரியில தான் நடக்குது. 2000-ல அதிபர் எஸ். ஆர். நாதன் ஆரம்பிச்ச அதிபர் சவால் நிதி திரட்டு இன்னைக்கும் ஓடுது. அதனால நம்ம ஆளுங்க குடுக்க மாட்டாங்கன்னு யாராவது மீட்டிங்ல சொன்னா எனக்குக் கோவம் வரும். குடுக்கறாங்க. குடுத்தவங்களை நாம தான் வச்சுக்கத் தெரியாம விட்டுடறோம்.

இங்க ஒரு விஷயத்தைப் பேசாம நகர முடியாது, 2005. வயசுல சின்னவங்களுக்கு இது பழைய கதை, ஆனா 50 வயசுக்கு மேல இருக்கற நன்கொடையாளர்கிட்ட பேசினா கொஞ்ச நேரத்துலயே அந்தத் தங்கப் பூச்சு குழாய் பேச்சு வந்துடும். தேசிய சிறுநீரக அறநிறுவனம் அப்ப நாட்டுலயே பெரிய அறநிறுவனம், டிவியில நட்சத்திரங்க உயிரைப் பணயம் வச்சு சாகசம் பண்ணுவாங்க, ஜனங்க போன் போட்டு போட்டு குடுப்பாங்க. அதோட தலைமை நிர்வாகி தன் ஆபீஸ் கழிவறையில தங்கப் பூச்சு குழாய் போட்டதைப் பத்தி வந்த ஒரு பத்திரிகைச் செய்திக்கு எதிரா போட்ட அவதூறு வழக்கு ஜூலை 2005-ல கோர்ட்டுக்கு வந்தப்போ தான் அவரோட வருஷ சம்பளம் 600,000 வெள்ளிங்கறது வெளிய வந்துச்சு, விமானத்துல முதல் வகுப்புப் பயணம் வெளிய வந்துச்சு, கையிருப்பு பத்தி ஜனங்ககிட்ட சொன்னது சரியில்லைங்கறதும் வந்துச்சு. வழக்கு வாபஸ் ஆச்சு, கொஞ்ச நாள்ல அவரும் நிர்வாகக் குழுவும் பதவி விலகினாங்க. ஆயிரக்கணக்கானவங்க மாச நன்கொடையை நிறுத்தினாங்க. அந்த அமைப்பு அப்புறம் புது நிர்வாகத்தோட தன்னை சீர் பண்ணிக்கிட்டு இன்னைக்கும் டயாலிசிஸ் நோயாளிங்களைப் பார்த்துக்குது, அதையும் சொல்லணும். ஆனா அந்தக் காயம் அந்த ஒரு அமைப்போட நிக்கல, அதுக்கப்புறம் யார் எங்க உண்டியல் நீட்டினாலும் எதிர்ல நிக்கறவங்க கண்ணுல ஒரு சந்தேகம் இருந்துச்சு.

அதுக்கப்புறம் தான் சட்டதிட்டங்கள் இறுகுச்சு. 2007-ல அறநிறுவன மன்றம் வந்துச்சு, நல்ல நிர்வாகத்துக்கான நெறிமுறை வந்துச்சு, அதைத் திருத்தித் திருத்தி கடைசியா 2023-ல புதுசாக்கினாங்க. ஐபிசி தகுதி, அதாவது குடுக்கறவங்களுக்கு வரிக்கழிவு வாங்கித் தர்ற தகுதி, இருக்கற அமைப்புகளுக்கு 30க்கு 70ன்னு ஒரு விதி இருக்கு, ஒரு நிதியாண்டுல நிதி திரட்டி வந்த மொத்த வரவுல 30 சதவீதத்துக்கு மேல திரட்டற செலவு இருக்கக் கூடாது. அறநிறுவன இணையவாசல்ல போய் பல அமைப்புகளோட ஆண்டறிக்கையையும் கணக்கையும் யார் வேணாலும் பார்க்கலாம். இதெல்லாம் சட்டம் நம்மகிட்ட எதிர்பார்க்கற குறைந்தபட்சம். நன்கொடையாளர் எதிர்பார்க்கறது இதை விடக் கொஞ்சம் ஜாஸ்தி, அதே நேரம் ரொம்ப எளிமையானதும் கூட. அவர் கேட்டா தடுமாறாம ஒரு மனுஷர் பதில் சொல்லணும், அவ்வளவு தான். "நான் குடுக்கற 100 வெள்ளியில எவ்வளவும்மா பிள்ளைங்களுக்குப் போகுது?"ன்னு ஒரு அங்கிள் கேட்டா "ஆண்டறிக்கை வெப்சைட்ல இருக்கு அங்கிள்"னு சொல்றது பதிலே கிடையாது. போன நிதியாண்டுல ஒரு பிள்ளைக்கு ஒரு வருஷ டியூஷனுக்கு எவ்வளவு ஆச்சு, அதுல ஆசிரியர் சம்பளம் எவ்வளவு, இடத்து வாடகை எவ்வளவு, ஆபீஸ் செலவு எவ்வளவு, என் சம்பளமும் அதுல தான் வருதுங்கறது வரைக்கும் நமக்குத் தலைகீழா தெரிஞ்சிருக்கணும். ஆபீஸ் செலவை மறைச்சு 'உங்க காசு முழுசா பிள்ளைங்களுக்குத் தான்'னு சொல்லிட்டு வர்ற பழக்கம் சில இடத்துல இருக்கு. தயவுசெஞ்சு அதை மட்டும் செய்யாதீங்க. கணக்கு எழுதறவருக்கும் வகுப்பை ஒருங்கிணைக்கறவருக்கும் சம்பளம் இல்லாம எந்த வகுப்பும் நடக்காதுன்னு விளக்கினா புரிஞ்சுக்காத நன்கொடையாளரை நான் இது வரைக்கும் பார்த்ததில்ல.

சரி, நடைமுறைக்கு வரேன்.

முதல்ல நன்றி. பணம் வந்து ரெண்டு நாளுக்குள்ள போகணும், ஒரு ஆள் எழுதின மாதிரி இருக்கணும், அதுல அடுத்த வேண்டுகோள் இருக்கவே கூடாது. முதல் முறை குடுத்தவங்களுக்கு, தொகை எவ்வளவு சின்னதா இருந்தாலும், முடிஞ்சா ஒரு போன். "ஹலோ ஆன்ட்டி, காசு கேட்க கூப்பிடல, வந்துச்சுன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்"னு ஆரம்பிச்சா அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சந்தேகத்தோட அமைதியா இருப்பாங்க. ஸ்கேம் கால் நிறைஞ்ச ஊர் இது, அதனால அமைப்போட நம்பர்லேர்ந்தே கூப்பிடணும், அவங்க குடுத்த தேதியும் தொகையும் நாமளே சொல்லணும், ஐசி (அடையாள அட்டை) நம்பர், பேங்க் விவரம் எதுவும் போன்ல கேட்கவே கூடாது. அப்புறம் பேச ஆரம்பிப்பாங்க பாருங்க, ஏன் குடுத்தாங்கங்கறது அந்தப் பேச்சுல தான் வெளிய வரும். ஒருத்தருக்கு சின்ன வயசுல டியூஷன் போக வசதி இல்ல, ஒருத்தர் மனைவி டீச்சர், ஒருத்தர் பையன் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதின வருஷம் பட்ட கஷ்டத்தை மறக்கல. அதை எழுதி வைக்கணும். பெரிய சாஃப்ட்வேர் இல்லைன்னா பரவால்ல, எக்செல் போதும், ஆனா எழுதணும்.

மொழியும் முக்கியம். வயசானவங்களுக்குத் தமிழ்ல கடிதம் எழுதுங்க. ஆங்கிலம் தெரியாதவங்களுக்காகன்னு மட்டும் நினைக்காதீங்க, நல்லா ஆங்கிலம் பேசறவங்களே தமிழ்ல ஒரு கடிதம் வந்தா எடுத்து வச்சுப் படிக்கறாங்க, பேரப்பிள்ளைங்ககிட்ட காட்டறாங்க. இளவயசுக்காரங்களுக்கு வாட்ஸ்அப்ல ரெண்டு வரி போதும், நாலு பக்க நியூஸ்லெட்டரை அவங்க திறக்கவே மாட்டாங்க.

போன்லயே பணம் அனுப்பற பேநவ் வந்ததுலேர்ந்து ஒரு புதுத் தலைவலி. 2017-ல தனி ஆளுங்களுக்கு வந்துச்சு, அடுத்த வருஷம் அமைப்புகளுக்கும் யூஇஎன்ங்கற பதிவு நம்பர் வச்சு வந்துச்சு, குடுக்கறது ரொம்ப சுலபமாயிடுச்சு, கொடி நாள் டின்ல கூட கியூஆர் ஒட்டியிருக்கு. ஆனா வர்ற காசு யாருதுன்னு நமக்கு சரியா தெரியறதில்ல, ரெஃபரன்ஸ்ல எதுவும் போடாம அனுப்பிடறாங்க. ஐபிசிக்கு குடுக்கற நன்கொடைக்கு 250 சதவீத வரிக்கழிவு இருக்கு, அதாவது 100 வெள்ளி குடுத்தா வரி போடற வருமானத்துலேர்ந்து 250 வெள்ளி கழியும். அந்தக் கழிவு கிடைக்கணும்னா ஐசி நம்பர் வேணும், நாம அந்த விவரத்தை ஜனவரி 31-க்குள்ள உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு அனுப்பணும், அனுப்பிட்டா அவங்க கணக்குல தானா ஏறிடும், ரசீதைத் தேடி எடுத்து அனுப்பற வேலை இல்ல. நம்பர் இல்லாத நன்கொடைங்களை வருஷக் கடைசியில உட்கார்ந்து தேடறதை விட மாசா மாசம் பார்த்து, தெரிஞ்சவங்களுக்கு ஒரு மெசேஜ் போட்டுக் கேட்டு சரி பண்றது எவ்வளவோ நல்லது. இது கிளார்க் வேலைன்னு சில பேர் நினைக்கறாங்க. ஒருத்தர் மார்ச்ல வரிக் கணக்கைத் திறந்து பார்க்கும்போது தான் குடுத்த 1,000 வெள்ளி அங்க இல்லைன்னா, அதுக்கப்புறம் நாம எவ்வளவு அழகா கடிதம் எழுதினாலும் அவர் திரும்ப வர மாட்டார். அதே மாதிரி, வரிக்கழிவை மட்டுமே சொல்லிச் சொல்லி கேட்கற பழக்கமும் நல்லதில்ல. எங்களுக்கு குடுக்கற ரிட்டையர் ஆனவங்க பல பேருக்கு வரியே கிடையாது, அவங்க வேற காரணத்துக்காக குடுக்கறாங்க.

வாங்கின விவரத்தை பத்திரமா வச்சுக்கறதும் நம்ம கடமை. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அறநிறுவனங்களுக்கும் பொருந்தும். எதுக்காக வாங்கினோமோ அதுக்கு மட்டும் தான் பயன்படுத்தணும், இனிமே கூப்பிடாதீங்கன்னு சொன்னா கூப்பிடக் கூடாது, நன்கொடையாளர் பட்டியலைத் தெரிஞ்சவர் கேட்டார்னு இன்னொரு அமைப்புக்கு வாட்ஸ்அப்ல தட்டி விடக் கூடாது. இறந்து போனவங்க பேருக்கு வருஷா வருஷம் வேண்டுகோள் கடிதம் போற வீடுகள் இருக்கு, அந்தக் குடும்பத்துக்கு அது எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. பட்டியலை சரியா வச்சுக்கறதும் மரியாதை தான்.

இனி எனக்கு ரொம்ப முக்கியமா படற விஷயம். ஒருத்தர் "இது டியூஷனுக்கு"ன்னு சொல்லிக் குடுத்தா அது டியூஷனுக்கு மட்டும் தான். கணக்குல அதை நோக்கம் குறிப்பிட்ட நிதின்னு தனியா வைக்கணும், அந்த மாசம் வாடகைக்கு இடிக்குதுன்னு அதுல கை வைக்கக் கூடாது. கேட்கும்போதே கவனமா எழுதினா இந்தச் சிக்கல் பாதி வராது, எங்க அதிகம் தேவையோ அங்க பயன்படுத்துவோம்னு ஒரு வரி சேர்த்தா போதும். சேர்க்காம வாங்கிட்டா சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டுத் தான் ஆகணும்.

சரி, திட்டமே மாறினா? எங்க அமைப்புல ஒரு வட்டாரத்துல நடந்துகிட்டிருந்த சனிக்கிழமை வகுப்பு நின்னு போச்சு. பிள்ளைங்க குறைஞ்சாங்க, பக்கத்துலயே வேற வகுப்பு இருந்துச்சு, ஆசிரியரும் கிடைக்கல. அந்த வகுப்புக்குன்னே குடுத்திருந்தவங்க ஒரு சின்ன கூட்டம். அப்ப ரெண்டு வழி இருந்துச்சு, ஆண்டறிக்கையில ஒரு வரி போட்டுட்டு அமைதியா இருக்கறது, இல்லைன்னா ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு சொல்றது. எங்க இயக்குநர் அக்கா கூப்பிடச் சொன்னாங்க. கூப்பிட்டோம். வகுப்பு ஏன் நின்னுச்சு, எவ்வளவு செலவாயிடுச்சு, மீதி எவ்வளவு இருக்கு, அதை இன்னொரு வட்டார வகுப்புக்கு மாத்தலாமா, இல்ல வேற ஏதாவது யோசனை இருக்கான்னு கேட்டோம். ஒருத்தர் கோவப்பட்டார், அது நியாயம் தான், அவர் வீட்டுக்குக் கீழ நடந்த வகுப்பு அது. மத்தவங்க பெரும்பாலும் சரின்னாங்க. அந்தக் கோவப்பட்டவர் அப்புறம் தன் தொண்டூழியர் நண்பர் ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்து புது வகுப்பைப் பார்த்துட்டுப் போனார், இன்னைக்கு எங்களோட நிரந்தர ஆதரவாளர்ல அவரும் ஒருத்தர். நல்ல செய்தியை மட்டும் அனுப்பற அமைப்பை ஜனங்க ஒரு விளம்பரக் கம்பெனியா தான் பார்ப்பாங்க. சரியா நடக்காததையும் நாமளே போய் சொல்லும்போது தான், இவங்க நம்மளை ஆளா மதிக்கறாங்கன்னு அவங்களுக்குத் தோணுது.

பிள்ளைங்க போட்டோ பத்தி ஒரு வார்த்தை. நன்கொடையாளருக்குக் காட்டணும்ங்கறதுக்காக ஒரு பிள்ளையோட வறுமையைப் படம் பிடிச்சு அனுப்பாதீங்க. இந்த ஊர் சின்னது, நம்ம சமூகம் அதை விடச் சின்னது, அந்தப் பிள்ளையோட க்ளாஸ்மேட் அப்பாவே நம்ம நன்கொடையாளரா இருப்பார். பேர் இல்லாம, முகம் இல்லாம, அந்தப் பிள்ளையோட அம்மா படிச்சுப் பார்த்து சம்மதிச்ச கதையை மட்டும் தான் நாங்க அனுப்புவோம். அதுலயும் பிள்ளையோட உழைப்பு தான் பெருசா தெரியணும், நம்ம உதவி இல்ல.

அமெரிக்காவுல ஃபண்ட்ரெய்சிங் எஃபெக்டிவ்னெஸ் ப்ராஜெக்ட்னு ஒண்ணு ஆயிரக்கணக்கான அமைப்புகளோட தரவைச் சேர்த்துப் பார்க்குது. சமீப வருஷங்கள்ல அவங்க கணக்குப்படி ஒரு வருஷம் குடுத்தவங்கள்ல அடுத்த வருஷமும் குடுக்கறவங்க 40 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டறாங்க, முதல் முறை குடுத்தவங்களை மட்டும் எடுத்தா 5 பேர்ல 1 ஆள் தான் திரும்ப வர்றார். இது அந்த ஊர் கணக்கு, நம்ம ஊருக்கு அப்படியே பொருத்தக் கூடாது, ஆனா உங்க எக்செல்லைத் திறந்து உங்க கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம், ஒரு மதியம் போதும். 1,000 பேர்ல வருஷா வருஷம் 40 சதவீதம் தங்கினா மூணு வருஷத்துல 64 பேர் மிச்சம். 60 சதவீதம் தங்கினா 216 பேர். இந்த வித்தியாசத்துக்குப் பெரிய விருந்து எதுவும் தேவையில்ல, போன், கடிதம், நேரம், இவ்வளவு தான் தேவை. நிர்வாகக் குழு கூட்டத்துல இந்த வருஷம் எவ்வளவு வந்துச்சுங்கற ஸ்லைடுக்கு அடுத்ததா போன வருஷம் குடுத்தவங்கள்ல எத்தனை பேர் திரும்ப குடுத்தாங்கங்கற ஸ்லைடையும் கேளுங்க அண்ணே. கேட்க ஆரம்பிச்சாலே ஆபீஸ்ல வேலை செய்யற விதம் மாறிடும்.

இங்க தான் நன்கொடையாளர் பேச்சும் நம்ம வேலை வளர்ச்சிப் பேச்சும் ஒண்ணா சேருது. நன்கொடையாளர் ஏன் போறாங்கன்னா பாதி நேரம் அவங்களுக்குத் தெரிஞ்ச ஆள் அமைப்பை விட்டுப் போயிட்டதால. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆள் மாறினா ஒவ்வொரு தடவையும் அந்த அங்கிள் தன் கதையை முதல்லேர்ந்து சொல்லணும், எத்தனை தடவை சொல்வார்? ஆளுங்க ஏன் போறாங்க? சம்பளம் ஒரு காரணம், அதை மறைக்க வேண்டாம். ஆனா நான் பேசிப் பார்த்த வரைக்கும், கழுத்துல டார்கெட்டைக் கட்டி விட்டு ஒண்ணுமே சொல்லிக் குடுக்காம விடறது இன்னும் பெரிய காரணம். அதோட நம்ம வீடுகள்ல வேற ஒரு அழுத்தம் இருக்கு. கை நீட்டக் கூடாதுன்னு சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளைங்க நாம, டிகிரி முடிச்சுட்டு நிதி திரட்டற வேலைக்குப் போறேன்னு சொன்னா அம்மா முகம் மாறும், கல்யாணப் பேச்சுல கூட 'அட்மின்ல இருக்கா'ன்னு சொல்லி வைப்பாங்க. எங்க டீம்ல சேர்ந்த ஒரு தங்கச்சி ரொம்ப நாள் வீட்டுல இதைச் சொல்லவே இல்ல. அவளோட அம்மாவை நாங்க ஒரு தடவை நன்கொடையாளர் சந்திப்புக்கு வரச் சொன்னோம். யாரும் கை நீட்டாததையும், வந்தவங்க பிள்ளைங்களோட உட்கார்ந்து கணக்குப் போட்டதையும் பார்த்ததுக்கப்புறம் அந்த அம்மா மாசம் 20 வெள்ளி குடுக்கறாங்க.

இதைத் தொழிலா எடுத்துக்கறவங்களுக்குப் பாதை இருக்கு. தேசிய சமூக சேவை மன்றத்தோட பயிற்சிப் பிரிவான சமூக சேவைக் கழகத்துல வகுப்புங்க இருக்கு, மானியமும் கிடைக்கும். உலக அளவுல நிதி திரட்டறவங்களுக்குன்னே சிஎஃப்ஆர்இன்னு ஒரு சான்றிதழ் இருக்கு, முந்தின 5 வருஷத்துல 36 மாசம் முழுநேர அனுபவம் காட்டணும், படிச்ச பயிற்சிக்கும் திரட்டின நிதிக்கும் செஞ்ச தொண்டுக்கும் புள்ளி சேர்க்கணும், அப்புறம் 200 கேள்வி இருக்கற பரீட்சை, தேறினா 3 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். பரீட்சைப் பாடத்துல நன்கொடை கேட்கறது ஒரு பகுதி தான். உறவு வளர்க்கறது, தொண்டூழியர்களை ஈடுபடுத்தறது, தலைமைப் பண்பு, நெறிமுறை எல்லாம் அதுல இருக்கு. எல்லாரும் இந்தச் சான்றிதழ் எடுக்கணும்னு நான் சொல்லல, செலவு ஆகும், ஆனா அந்தப் பாடத்திட்டத்தை வச்சு நமக்கு எது தெரியல்லன்னு பார்த்துக்கலாம். சான்றிதழுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் கத்துக்கோங்க. ஒண்ணு, உங்க அமைப்போட ஆடிட் ஆன கணக்கை முதல் பக்கத்துலேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்க, புரியாத வரியை அக்கவுண்டன்ட்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்க. இன்னொண்ணு, மாசத்துல ஒரு நாளாவது உங்க அமைப்பு செய்யற வேலையில போய் உட்கார. வகுப்புல பின் வரிசையில உட்காராதவங்க எழுதற வேண்டுகோள் கடிதத்துல உயிர் இருக்காது, வாசிக்கறவங்களுக்கு அது உடனே தெரிஞ்சுடும்.

கமிஷன் பத்தி யாராவது உங்ககிட்ட பேசினா உறுதியா மறுத்துடுங்க. திரட்டற தொகையில இத்தனை சதவீதம் உனக்குன்னு சொல்றது ஊக்கம் மாதிரி தெரியும். 1960-ல அமெரிக்காவுல ஆரம்பிச்ச நிதி திரட்டுவோர் சங்கம் தன் நெறிமுறையிலயே அதைத் தடை பண்ணி வச்சிருக்கு, காரணம் ரொம்ப நேரானது. உங்களுக்கு சதவீதம் இருந்தா, இந்த ஆன்ட்டி இப்ப குடுக்கற நிலைமையில இல்ல, அடுத்த வருஷம் கேட்கலாம்னு உங்களால நிதானமா முடிவு பண்ண முடியாது. 1993-ல அந்தச் சங்கமும் வேற சில அமைப்புகளும் சேர்ந்து நன்கொடையாளர் உரிமைன்னு 10 விஷயம் எழுதினாங்க, அதுல ஒண்ணு, கேட்க வர்றவர் தொண்டூழியரா, ஊழியரா, கூலிக்கு அமர்த்தின ஆளான்னு தெரிஞ்சுக்கற உரிமை. எம்ஆர்டி ரயில் நிலைய வாசல்ல ஐபேட் வச்சுக்கிட்டு நிக்கறவங்களைப் பார்த்தா தாராளமா கேளுங்க, அது உங்க உரிமை.

இளவயசுக்காரங்க தங்கணும்னா அமைப்பு என்ன செய்யணும்னு கேட்டா, எங்க ஆபீஸ்ல நாங்க செய்யறதைச் சொல்றேன், உங்களுக்குப் பொருந்தினா எடுத்துக்கோங்க. யார் வேலையை விட்டுப் போனாலும் போறதுக்கு முன்னாடி அவங்களுக்குத் தெரிஞ்ச முக்கியமான நன்கொடையாளர்களை, முக்கியமானவங்கன்னா ரொம்ப நாளா குடுக்கறவங்க, அடுத்து வர்ற ஆளோட சேர்த்து ஒரு காப்பிக்காவது சந்திக்க வைக்கறோம். அவங்க ஏன் குடுக்க ஆரம்பிச்சாங்க, எந்த மொழியில எழுதினா பிடிக்கும், பேர் போடலாமா கூடாதா, எந்த நேரத்துல கூப்பிடக் கூடாது, வீட்டுல யாராவது உடம்பு சரியில்லாம இருந்தா எப்ப விசாரிக்கணும், இதெல்லாம் ஃபைல்ல இருக்கும், அவங்களே திறந்து படிச்சாலும் சங்கடப்படாத மாதிரி எழுதியிருக்கும். வருஷ மதிப்பீட்டுல பாதி மதிப்பெண் திரும்ப வந்தவங்க எண்ணிக்கைக்கு. பயிற்சிக்கு ஒரு ஆளுக்கு இவ்வளவுன்னு பட்ஜெட்ல தனி வரி, வருஷம் டைட்டா போனாலும் அந்த வரியை வெட்டறதில்ல, இதுக்காக நிர்வாகக் குழுவோட ரொம்ப வாதாடினோம்.

அடுத்த மாசம் புதுசா ஒருத்தர் சேர்றார், பாலிடெக்னிக் முடிச்சுட்டு தேசிய சேவையும் முடிச்ச தம்பி. முதல் மாசம் அவருக்கு டார்கெட் கிடையாது. மாசம் 10, 20 வெள்ளி ஜைரோல குடுக்கறவங்க பட்டியலைக் குடுக்கப் போறோம், ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு நன்றி சொல்லணும், ஏன் குடுக்கறீங்கன்னு கேட்டு எழுதணும், காசு மட்டும் கேட்கக் கூடாது. பட்டியல்ல முதல் பேர் ஜூரோங் வெஸ்ட்ல இருக்கற ஒரு அங்கிள், அவரை சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல தான் கூப்பிடணும், அதுக்கு முன்னாடி பேத்தியை ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வரப் போயிடுவார்.